கதிரை என்று சொன்ன பிள்ளை

ஆரம்பப் பிரிவுக்கு ஆசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பயிற்சிகளையும் விளையாட்டுகளையும் வகுப்பில் பயன்படுத்துவது பற்றி உங்களுக்கு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். "உங்களுக்குத்தானே ரீச்சர் உதிலை அனுபவம் கூட" என்று ஒரு புகழ்ச்சியும் வைத்தார்கள். அனுபவம் அதிகம்தான். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். எந்தத் தளத்தில் எதை எடுக்கலாம், எப்படி அச்செடுக்கலாம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது வேறொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய சில வருடங்கள் மயிலிட்டிப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தரம் மூன்றுக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருவேன். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்து திறந்த காலம் அது. தரம் மூன்றுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. பாடப் புத்தகத்தைத் திறந்தால் அவர்கள் முகம் வாடிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் கைபேசியில் தேடத் தொடங்கினேன். தேடியவளுக்கு ஒரு கடலே கிடைத்தது. நிறம் தீட்டும் தாள்கள், எழுத்துகளை வெட்டி ஒட்டும் அட்டைகள், சோடி சேர்க்கும் விளையாட்டுகள், எல்லாம் சும்மா. எனக்குக் கை நிற்கவில்லை. பத்து நாள் பட்டினி கிடந்தவளைச் சாப்பாட்டுக் கடைக்குள் விட்டதுபோல அள்ளினேன். மற்றப் பள்ளிக்கூட ஆசிரியைகளும் "ரீச்சர், உதை எனக்கும் ஒருக்கா அனுப்புங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு "டவுன்லோட் ரீச்சர்" என்று பட்டம் வந்தது. பகிடிக்குத்தான் சொன்னார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்லவேண்டும். அந்தத் தாள்களால் நன்மை இல்லாமல் இல்லை. சோடாப் போத்தல் மூடிகளில் எழுத்து எழுதிச் சொல் கட்டுகிற ஒரு விளையாட்டை நான் அங்கிருந்துதான் எடுத்தேன். மணி அடித்தாலும் பிள்ளைகள் எழும்பமாட்டார்கள். சில தாள்கள் சிரிப்பாகவும் போயின. பனியால் செய்த மனிதனுக்கு நிறம் தீட்டக் கொடுத்தபோது ஒரு பிள்ளை, "ரீச்சர், உது ஆர்? முட்டை மனிசனோ?" என்று கேட்டது. ஸ்ட்ரோபெரிப் படத்துக்குக் கீழே ஒருவன் "சின்ன அன்னாசி" என்று எழுதினான். நான் அதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியைக்குக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் என்னைவிட வயதில் நன்றாக இளையவர், தரம் இரண்டு அவருடையது. "அக்கா, பிள்ளை காணாத சாமானைப் பிள்ளையிட்டைக் கேட்டால் அது என்ன செய்யும்?" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சின்னப்பெட்டை எனக்குப் படிப்பிக்க வந்துவிட்டாளா என்று மனதுக்குள் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைத்தான் கீழே எழுதுகிறேன். கொடுத்தது நான்கூட இல்லை, ஒரு பிள்ளை.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய தொடுதிரை வாங்கித் தந்தார்கள். எங்கள் வாயில் அது "பலகை"தான். அதில் போட நான் ஒரு சொல் விளையாட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு படம் வரும். பிள்ளை அதன் பெயரைச் சொல்லவேண்டும். நான் அதைத் தட்டச்சுச் செய்து பொத்தானை அழுத்துவேன். சரியென்றால் கைதட்டல் கேட்கும், பூ மழை பொழியும். பிழையென்றால் ஒரு பெரிய மஞ்சள் முகம் வந்து கண்ணீர் விட்டு அழும், "ஐயோ" என்று ஒரு சத்தமும் வரும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் சிரிப்பு அடக்கமுடியாது.

விளையாட்டைச் செய்தவர்கள் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பப்பாசி என்றால் பலகை அழுதது. அது பப்பாளியைத்தான் எதிர்பார்த்தது. அலுமாரி என்றால் அழுதது, அதற்கு அலமாரி வேண்டும். சவர்க்காரம் என்றால் அழுதது, அதற்கு சோப்பு வேண்டும். பேக்கரியில் சுடுகிற பாணின் படத்தைக் காட்டி அது ரொட்டி என்ற சொல்லைக் கேட்டபோது ஒரு பெடியன் எழும்பி நியாயம் கேட்டான்.

"ரீச்சர், உது பாணெல்லோ? ரொட்டி வட்டமா, தேங்காய்ப்பூப் போட்டெல்லோ இருக்கும்?"

"பலகை என்ன கேக்குதோ அதைச் சொல்லு ராசா" என்றேன்.

தரம் இரண்டு ஆசிரியை இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். "அக்கா, உதிலை கிடக்கிற சொல்லுகள் எங்கடை பிள்ளையளின்ரை வாயிலை இல்லை. எங்கடை பாடப் புத்தகத்திலையும் இல்லை." நான் விடவில்லை. "நாலு நல்ல சொல்லுக் கூடப் படிச்சால் என்ன குறைஞ்சே போடும்?" என்று கேட்டேன். கேள்வி நியாயமானதுதான். கூடுதலாகப் படிப்பிப்பதில் ஒரு பிழையும் இல்லை. நான் கூடுதலாகப் படிப்பிக்கவில்லை, மாற்றிப் படிப்பித்தேன். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

இனி என் வகுப்பில் இருந்த ஜெனிற்றாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தகப்பன் கடற்றொழில், தாய் வீட்டில். ஜெனிற்றா வீட்டில் வாயாடியாம். பள்ளிக்கூட வாசலை மிதித்தால் வாய் பூட்டிவிடும். தரம் ஒன்றும் இரண்டும் பாதி வீட்டிலேயே போன பிள்ளை, ஆட்களைக் கண்டு பழகவில்லை. எழுதுவாள், வரைவாள், தலையாட்டுவாள். சத்தம் மட்டும் வராது. ஏதாவது தேவையென்றால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காதுக்குள் சொல்லுவாள், அது எங்களுக்குச் சொல்லும். அதிபருக்குக் கவலை. "அடுத்த தவணையும் இப்பிடியே எண்டால் விசேட கல்வி அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்துறதைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தோடை கதைக்கவேணும்" என்று தாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம் தூரத்தில், அச்சுவேலியில். தாய் என்னிடம் வந்து அழுதார்.

"வீட்டிலை நல்லாக் கதைக்கிறாள் ரீச்சர். சத்தியமாக் கதைக்கிறாள். என்ரை பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. எனக்கு ஒருக்கா அவகாசம் வாங்கித் தாங்கோ."

"பயப்பிடாதேங்கோ, நான் கதைக்கப் பண்ணுறன்" என்றேன். "வீட்டிலை நீங்கள் ஒவ்வொரு சாமானாக் காட்டி, பேர் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ. சத்தமாச் சொல்லப் பழக்குங்கோ. அது இஞ்சையும் வரும்."

அந்த யோசனை என்னுடையதுதான். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தாய் அதை அப்படியே செய்தார். குசினி அடுப்படியில், முற்றத்தில், கோயிலுக்குப் போகிற வழியில், கண்டதையெல்லாம் காட்டிக் காட்டிச் சொல்லுவித்தார். நானோ பள்ளிக்கூடத்தில் பலகையின் சொற்களை மற்றப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் வலயத்திலிருந்து அதிகாரிகள் எங்கள் பலகை வகுப்பைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்திருந்தது. அவர்களுக்கு முன்னால் அந்த மஞ்சள் முகம் அழக்கூடாது. எனக்கு இருந்த கவலை அவ்வளவும் அதுதான்.

அவர்கள் வந்தார்கள். அதிபர் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார். தாய்மார் பின்சுவரோடு யன்னலோரத்தில் நின்றார்கள். அதிகாரிகளுக்கு முன்னால் கதிரைகள் போட்டிருந்தோம். யார் யார் பதில் சொல்வது என்று நான் முன்பே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். ஜெனிற்றாவின் பெயர் அதில் இல்லை. இல்லாமல் விட்டது அவள்மேல் இருந்த இரக்கத்தால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பப்பாளி சரியாகப் போனது, அலமாரி சரியாகப் போனது. கைதட்டல், பூ மழை. அதிகாரிகள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. அடுத்த படம் வந்தது. அதற்குப் பதில் சொல்லவேண்டிய பெடியன் முன்னால் இருந்த அதிகாரி சேர்மாரைக் கண்டு திகைத்து நின்றுவிட்டான். அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கதிரை!"

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெனிற்றா எழும்பி நின்றாள். அவள் குரல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கணீரென்ற குரல். பின்சுவரில் நின்ற தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் யோசிக்காமல், அவள் சொன்ன சொல்லை அப்படியே தட்டச்சுச் செய்து பொத்தானை அழுத்திவிட்டேன்.

மஞ்சள் முகம் வந்து அழுதது. "ஐயோ" என்றது.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பழக்கிய பிள்ளைகள். "நாற்காலி! நாற்காலி!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். ஜெனிற்றா பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இதுவரைக்கும் நடந்ததை அவசரத்தில் வந்த கைப்பிழை என்று சொல்லலாம். அதை மன்னிக்கலாம். அடுத்து நடந்தது அப்படியல்ல, அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் எனக்கு வழி எத்தனையோ இருந்தது. பலகையை நிற்பாட்டியிருக்கலாம். "ஜெனிற்றா சொன்னது சரி, பலகைக்குத்தான் தெரியேல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வகுப்பு பலகையைப் பார்த்துச் சிரித்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருந்தாலும் போதும். நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, அதிகாரிகளைப் பார்த்தேன். அவர்கள் நெற்றி சுருங்கியதுபோலத் தெரிந்தது. உண்மையில் சுருங்கியதா என்றுகூட எனக்குத் தெரியாது.

"கதிரை போர்த்துக்கேயச் சொல்லுத்தானே சேர்" என்றேன். எவ்வளவு படித்தவள் நான். "வீடுகளிலை அப்பிடித்தான் பழக்கிப்போட்டினம். நாற்காலிதான் நல்ல தமிழ்." பிறகு ஜெனிற்றாவின் பக்கம் திரும்பினேன். "எங்கை குஞ்சு, வடிவாச் சொல்லுங்கோ பாப்பம், நாற்காலி."

அவள் உட்கார்ந்துவிட்டாள். வாய் திறக்கவில்லை. நான் இரண்டாம் தரமும் கேட்டேன். மூன்றாம் தரமும் கேட்டேன். ஒரு அதிகாரிதான், "விடுங்கோ ரீச்சர், சின்னப்பிள்ளைதானே" என்றார். அவர் இருந்த கதிரையை நானே காலையில் துடைத்துப் போட்டிருந்தேன். போடும்போது உதவிக்கு வந்தவனிடம் "அந்தக் கதிரையை இஞ்சாலை இழு" என்றுதான் சொன்னேன். என் வாழ்நாளில் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு நாளும் நான் அதை நாற்காலி என்று சொன்னதில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். தேநீரும் வடையும் கொடுத்தோம். நான் யன்னல் பக்கம் பார்த்தேன். ஜெனிற்றாவின் தாய் போய்விட்டிருந்தார்.

அடுத்த நாள் காலை நான் ஸ்கூட்டியை நிற்பாட்ட முன்பே அவர் வாசலில் நின்றார். ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நல்லது. நானும் நாலு சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் ஏச வரவில்லை.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ" என்றார். "நான் வடிவாப் படிக்கேல்லை. சின்னனிலை இடம்பெயர்ந்து முகாம் முகாமாத் திரிஞ்சதிலை பள்ளிக்கூடம் போனது குறைவு. நான்தான் அவளுக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டன். நேத்து முழுக்க வீட்டிலையும் கதைக்கிறாள் இல்லை. சரியான சொல்லுகள் என்னெண்டு எனக்கு ஒருக்காச் சொல்லித் தாங்கோ. நான் பாடமாக்கிப்போட்டு அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறன்."

நான் தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"இல்லை அம்மா. நீங்கள் சொல்லிக் குடுத்தது சரி. கதிரை எண்டுறது சரிதான். நானும் அப்பிடித்தானே சொல்லுறனான்."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். கோபம் இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை. "அப்ப ஏன் ரீச்சர் நேத்து...?"

எத்தனையோ பதில் வாய்க்கு வந்தது. கடைசியில் உண்மைதான் வெளியே வந்தது.

"சேர்மார் நிண்டவை."

"ஓம்" என்றார் அவர். "சேர்மார் நிண்டவைதானே." அதை ஒரு நியாயமான காரணம் போல ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு இருக்கிற இடத்தில் இருக்கமுடியாது.

அன்றே அதிபரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "பிள்ளை வாய் திறந்தது சேர், நான்தான் மூடினன். அவளை மாத்துறதெண்டால் முதல் என்னை மாத்துங்கோ" என்றேன். அதிபர் நல்ல மனிதர். மாற்றுகிற கதையை அத்தோடு விட்டார். ஜெனிற்றா எங்களோடு இருந்தாள். உங்களுக்குச் சொல்லக்கூடிய நல்ல செய்தி அது. அவள் வீட்டில் மறுபடி கதைக்கத் தொடங்க அதிக நாள் எடுக்கவில்லை. வகுப்பில் மட்டும் பழையபடி காதுக்குள் சொல்லும் வழக்கத்துக்கே போய்விட்டாள்.

தரம் இரண்டு ஆசிரியையிடமும் போனேன். "நீர் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும்" என்றேன். அவர் என் கைபேசியை வாங்கி அந்த விளையாட்டைத் திறந்தார். அதன் மூலையில் பென்சில் மாதிரி ஒரு சின்ன அடையாளம் இருந்தது. அதைத் தொட்டார். கேள்விகளும் பதில்களும் திறந்தன. வேண்டிய சொல்லை நாங்களே சேர்க்கலாம், அழுகிற முகத்தையும் எடுத்துவிடலாம். செய்தவர்கள் இலவசமாகத் தந்ததோடு, உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் விட்டிருக்கிறார்கள். மாதக்கணக்காக அது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிள்ளைகளின் வாயை மாற்ற நான் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால் அந்தச் சொற்களை மாற்றியிருக்கலாம். இடைவேளை முடியமுன் நாங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் திருத்தி முடித்தோம். கதிரையும் சரி, நாற்காலியும் சரி. பாணும் சரி.

அதை வகுப்பில் போட்டேன். அதிகாரிகள் இல்லை, பெற்றோர் இல்லை, நானும் பிள்ளைகளும்தான். கதிரைப் படம் வந்தது. "எங்கடை ஊரிலை இதுக்குக் கதிரை எண்டு பேர். வேறை ஊரிலை நாற்காலி எண்டுவினம். ரெண்டும் சரி. அண்டைக்கு ஜெனிற்றா சொன்னது சரி, ரீச்சர் சொன்னதுதான் பிழை" என்றேன். பிள்ளைகள் "கதிரை!" என்று கத்தினார்கள். கைதட்டல் வந்தது, பூ மழை பொழிந்தது. ஜெனிற்றா பூ மழையைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை எழும்பியது.

"ரீச்சர், ஜெனிற்றா கேக்கிறா, சேர்மார் வந்தால் எதைச் சொல்லவேணுமாம்?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. அவர்களுக்கும் அது தேவையான கேள்வியாகத்தான் இருந்தது.

"அப்பவும் கதிரைதான்" என்றேன்.

ஜெனிற்றா மறுபடியும் காதுக்குள் சொன்னாள்.

"அப்ப நீங்களும் அப்பிடிச் சொல்லுவியளோ எண்டு கேக்கிறா."

"ஓம்" என்றேன். அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நிரூபிக்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை ஒரு அதிகாரியும் என் வகுப்புக்குத் திரும்பி வரவில்லை.

தங்கச்சிமாரே, தம்பிமாரே, உங்கள் வகுப்புகளுக்கு அதிகாரிகள் வருவார்கள். ஜெனிற்றாவைப் போல ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். பலகை என்ன சொன்னாலும், அந்தப் பிள்ளை கடைசியில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.